பையனின் இருமலும் அப்பாவின் நெஞ்சு இறுக்கமும்

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். கிருஷ்ணகிரியில் பெங்களூரு ரோட்டில், சர்வீஸ் ரோட்டை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறோம். கடைக்குப் பின்னாலேயே வீடு. பையனுக்கு 7 வயது. கார்த்திகை முடிந்து பனி இறங்கினால் போதும், விடியற்காலையில் இருமல், இழுப்பு என்று ஆரம்பித்துவிடும். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். பழகிவிடும் என்று என் மாமியார் கொடுக்க விடுவதில்லை. கடையில் டேபிளைத் துடைத்த கொஞ்ச நேரத்தில் கருப்பாகத் தூசி படிகிறது. ஆனால் போனில் பார்த்தால் காற்றின் தரம் 'திருப்தி' என்றே காட்டுகிறது. காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் 12,000 ரூபாய்க்கு வருகிறது, வாங்கலாமா? என் தம்பி பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் கட்டிங் மெஷினில் நிற்கிறான். தினமும் வெல்லம் சாப்பிட்டால் உள்ளே போன தூசி இறங்கிவிடும் என்கிறார்கள், உண்மையா? பேசாமல் கடையை விட்டுவிட்டு ஊத்தங்கரை பக்கம் எங்கள் ஊருக்கே போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. மாமியாருக்கு பி.பி. உண்டு. சமையல் கேஸில்தான், குளிக்க வெந்நீருக்கு மட்டும் விறகு. வீட்டுக்காரருக்கு 44 வயது, பீடி சிகரெட் பழக்கம் கிடையாது. அவருக்கும் மாடி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி இருக்கும், கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும். வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடிக்கிறார்.

– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி

பதில்:

அம்மா, நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாடி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது என்றால் அதை வாயு என்று நினைத்துவிட முடியாது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருந்தால் இப்படித்தான் காட்டும். வேலை கொடுத்தால் வலிக்கும், ஓய்வு கொடுத்தால் அடங்கும். வாயுவுக்கு மாடிப்படி எது, சமதரை எது என்று தெரியாது.

அதனால் இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, உங்களுக்குத் தோதான வேறு டாக்டரிடமோ போங்கள். இ.சி.ஜி. எடுப்பார்கள். அது நார்மல் என்று வந்தாலும் அத்தோடு எழுந்து வந்துவிட வேண்டாம். படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி.யில் இந்த வகை வலி பல பேருக்குத் தெரியாமல் போகும். "ஏறும்போது மட்டும் பிடிக்கிறது" என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் சொல்ல மாட்டார். எக்கோ, ட்ரெட்மில், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். அதற்குள் ஒருநாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து 10 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, தாடைக்கும் இடது கைக்கும் இழுத்தாலோ, டூவீலரில் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் என்று முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அந்த முதல் மணி நேரத்தில் கிடைக்கும் மாத்திரைக்கு மதிப்பு அதிகம்.

தூசியைப் பற்றிக் கேட்டால் டாக்டர் ஏன் மாரடைப்பைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைப்பீர்கள். இரண்டும் ஒரே பேச்சுதான்.

டேபிளில் கருப்பாகப் படிகிறதே, அது பெரிய துகள். டயர் தேய்மானம், பிரேக் தேய்மானம், ரோட்டு மண், தார்பாய் போடாத டிப்பர் சிந்திக்கொண்டு போகும் எம்-சாண்ட். இதில் பெரும்பாலானது மூக்கிலும் தொண்டையிலும் மாட்டி, சளியோடு வெளியே வந்துவிடும். நான் பயப்படுவது டேபிளில் படியாமல் காற்றிலேயே மிதக்கும் துகளுக்கு. பி.எம். 2.5 என்று சொல்கிறார்களே, அது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய 30-ல் ஒரு பங்கு. டீசல் கரி, விறகுப் புகை, குப்பை எரிக்கும் புகை எல்லாம் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். மூக்கு முடி இதைத் தடுக்காது, இருமினாலும் வெளியே வராது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய் உட்காரும். அங்கே உடம்பு இதோடு சண்டை போட ஆரம்பிக்கும். அந்தச் சண்டையின் வீக்கம் நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலக்கிறது, ரத்தம் சட்டென்று உறையும் தன்மைக்கு வருகிறது, ரத்தக் குழாய் இறுகுகிறது, பி.பி. ஏறுகிறது. குழாய்ச் சுவரில் வருடக்கணக்காகப் படிந்திருக்கும் கொழுப்பு வெடித்து அடைத்துக்கொள்ள இது போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-க்குப் போட்ட கணக்கில், வெளிக்காற்று மாசால் அகாலமாக இறந்தவர்கள் உலகம் முழுக்க 42 லட்சம் பேர். அதில் 100-க்கு 68 பேர் இறந்தது மாரடைப்பிலும் பக்கவாதத்திலும். நுரையீரல் அடைப்பு நோயில் 14 பேர், நிமோனியா போன்ற தொற்றில் 14 பேர், நுரையீரல் புற்றில் 4 பேர். நான் நெஞ்சுச்சளி டாக்டர். என்னிடம் வருகிறவர்கள் இருமலோடு வருகிறார்கள். இருமாதவர்கள் நேராக இதயப் பிரிவுக்குப் போகிறார்கள், அவர்களிடம் யாரும் "உங்கள் கடை எந்த ரோட்டில்?" என்று கேட்பதில்லை. உங்கள் வீட்டுக்காரர் ஒரு சிகரெட்டும் பிடிக்காதவர்தான். ஆனால் சென்னையிலிருந்து வரும் 48-ம் எண் நெடுஞ்சாலையும், சேலம், தர்மபுரியிலிருந்து வரும் 44-ம் எண் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் சேர்ந்துதான் ஓசூர் பக்கம் போகின்றன. அந்த ரோட்டின் ஓரத்தில் விடிவதற்கு முன்னாலிருந்து ராத்திரி வரை நிற்கிறார். அவர் போகும் டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்.

இப்போது போன் சொல்லும் 'திருப்தி' விஷயம். நம் நாட்டு ஏ.கியூ.ஐ., அதாவது காற்றுத் தரக் குறியீட்டுக் கணக்கில் 51 முதல் 100 வரை 'திருப்தி'. பி.எம். 2.5-ஐ மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு கன மீட்டர் காற்றில் 31 முதல் 60 மைக்ரோகிராம் வரை இருந்தால் அந்தப் பெயர். 24 மணி நேரத்துக்கு 60 வரை போகலாம் என்பது 2009-ல் நாம் வைத்துக்கொண்ட வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15. ஆக, போன் 90 என்று காட்டி பச்சை நிறம் போடும் நாளில்கூட, உங்கள் காற்று அந்த அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கலாம். அதுவும் உங்கள் கடை வாசலில் எடுத்த அளவு கிடையாது. எங்கோ இருக்கும் நிலையத்தையும் செயற்கைக்கோள் கணக்கையும் சேர்த்துப் போட்ட ஊர்ப் பொது எண். கடைக்கு முன்னால் இஞ்சினை ஓடவிட்டு டீ குடிக்கும் லாரி அதில் வராது. அந்த எண்ணை வைத்து நேற்றைக்கு இன்று பரவாயில்லையா என்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

"நாம் என்ன டில்லியா" என்று இங்கே எல்லோரும் ஆறுதல் சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை. சுத்தமான காற்றிலிருந்து சுமாரான காற்றுக்கு வரும்போதே இதயத்துக்கான ஆபத்து வேகமாக ஏறிவிடுகிறது. மோசத்திலிருந்து படுமோசத்துக்குப் போகும்போது ஏறுவது அதைவிட மெதுவாகத்தான். நாம் இருப்பது அந்த வேகமாக ஏறும் பகுதியில்.

பையனுக்கு வருகிறேன். பனிக்காலத்து விடியலில் மட்டும் இழுப்பு வருவதற்குக் காரணம் பனி மட்டும் இல்லை. மார்கழி, தையில் ராத்திரி தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று, பாத்திரத்துக்குத் தட்டு போட்ட மாதிரி மூடிக்கொள்கிறது. சுற்றிலும் மலை இருக்கும் ஊரில் காற்றோட்டமும் குறைவு. ராத்திரி முழுக்க ஓடிய லாரிப் புகை, தெருவில் கொளுத்திய குப்பைப் புகை எல்லாம் வெயில் ஏறும்வரை தரையோடு தரையாகக் கிடக்கும். 9 மணிக்கு மேல்தான் கலையும். போகியன்று டயர் கொளுத்தினால் மறுநாள் கிளினிக்கில் கூட்டம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

இதோடு உங்கள் வீட்டுப் பின்கட்டையும் பார்க்க வேண்டும். "வெந்நீருக்கு மட்டும் விறகு" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கம் அந்த அடுப்பு எப்படிப் பற்றும் என்று நானும் பார்த்தவன்தான். காய்ந்த மாவிலை, அட்டைப்பெட்டி, ஈர விறகு பிடிக்காவிட்டால் ரெண்டு பால் கவர். கவர் உருகிச் சொட்டும்போது கருப்பாக ஒரு புகை எழும், கண் எரியும். டீக்கடை வீட்டில் பால் கவருக்குப் பஞ்சமும் இருக்காது. அது நடக்கும் நேரம் விடியற்காலை 5 மணி. பையன் படுத்திருக்கும் ஜன்னல் எந்தப் பக்கம் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். நெடுஞ்சாலையை நம்மால் நகர்த்த முடியாது, இந்த அடுப்பை நாளைக்கே நிறுத்தலாம். கேஸில் ஒரு குண்டான் வெந்நீர் வைப்பது ஆஸ்பத்திரிச் செலவைவிட மலிவு. மாமியாருக்கு பி.பி. இருக்கிறது என்கிறீர்கள், அந்த அடுப்பின் முன் குனிந்து ஊதுகிறவரும் அவர்தானே. அவர் மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில் 2021-ல் தொடங்கி வைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. அதில் பெயர் கொடுத்தால் பி.பி. பார்த்து மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.

கொசுவர்த்தியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஏற்றுவீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரைக்கும் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். அதைக் கதவைச் சாத்திய அறையில், வீசிங் உள்ள பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே வைக்கிறோம். வலை கட்டுங்கள். வாசலைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கிப் புழுதி கிளப்புவதையும் விட்டுவிட்டு, நம் பெரியவர்கள் செய்த மாதிரி தண்ணீர் தெளித்துப் பெருக்கச் சொல்லுங்கள்.

இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் உங்கள் மாமியாருக்கு மட்டும் இல்லை, படித்த வீடுகளிலும் இருக்கிறது. அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். இழுப்புக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் சிரப் ஒரு ஸ்பூனில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதே மருந்து இன்ஹேலரில் ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம், அதாவது 20-ல் ஒரு பங்கு. சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கை நடுங்க வைத்து, கடைசியில் மூச்சுக்குழாய்க்கு வருகிறது. இன்ஹேலர் நேராக அங்கே போகிறது. பழக்கம் என்று ஒன்றும் இல்லை, நோய் இருக்கும்வரை மருந்து தேவைப்படுகிறது. 7 வயதுப் பிள்ளைக்கு வெறுமனே வாயில் அழுத்தினால் பாதி நாக்கில்தான் படும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையோடு கொடுங்கள். டாக்டர் எழுதியது தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரா, இழுப்பு வந்தால் எடுப்பதா, இரண்டுமா என்று சீட்டைக் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தடுப்பு இன்ஹேலர் என்றால் அதை இழுத்த பின் வாய் கொப்பளிக்க வேண்டும், பையனுக்கு நன்றாக இருக்கிறது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. இழுப்பில் அவன் பேச முடியாமல் திணறினாலோ, மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே குழிந்தாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரம் கிடையாது. உடனே ஆஸ்பத்திரி.

பிள்ளைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள், நுரையீரலும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் அவர்களுக்கு அடி அதிகம். ஆனால் காற்று கொஞ்சம் சுத்தமானாலே சீக்கிரம் தேறுவதும் அவர்கள்தான். அமெரிக்காவில் யூட்டா என்ற மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே இருந்த இரும்பாலை 1986 ஆகஸ்டில் தொழிலாளர் தகராறில் மூடி, 13 மாதம் கழித்துத் திறந்தது. அந்தப் பகுதி ஆஸ்பத்திரிகளின் பதிவேட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தார்கள். ஆலை ஓடிய காலத்தில் பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகள் மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமா என்று படுக்கையில் சேர்ந்தது, மூடியிருந்த காலத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஊரும் அதே, மருத்துவமும் அதே, ஆலைப் புகை மட்டும்தான் வித்தியாசம்.

12,000 ரூபாய் மெஷின்? இப்போதைக்கு வேண்டாம். கடையில் வைத்தால் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை, திறந்த இடத்தில் அது ஒன்றும் செய்யாது. நாலு பக்கமும் மூடிய படுக்கையறையில், ஹெப்பா வடிகட்டி உள்ள மெஷின் துகளைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறையை யார் மூடி வைப்பது? வடிகட்டியையும் அவ்வப்போது மாற்ற வேண்டும், அது தனிச் செலவு. முதலில் அடுப்பையும் கொசுவர்த்தியையும் நிறுத்துங்கள், ரோட்டுப் பக்க ஜன்னலை ராத்திரியும் விடியலும் சாத்தி வையுங்கள், பையன் படுக்கையை ரோட்டுக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்றுங்கள். அதற்கப்புறமும் அடுத்த மார்கழியில் இழுப்பு வந்தால் மெஷினைப் பற்றி யோசிக்கலாம். இந்தப் பணத்தில் இந்த மாதம் உங்கள் வீட்டுக்காரருக்குச் செய்ய வேண்டிய டெஸ்ட்டுகளைச் செய்துவிடுங்கள்.

கடையைப் பொறுத்தவரை, வாசலில் ஒரு போர்டு எழுதி வையுங்கள்: 'இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு டீ குடிங்க அண்ணே.' டிரைவர்கள் கேட்பார்கள், டீசல் விலை அப்படி. பாய்லரையும் வடைச் சட்டியையும் ரோட்டு விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ள முடியுமோ தள்ளுங்கள். வடைச் சட்டி எண்ணெயைப் புகைய விடக் கூடாது, அந்தப் புகையிலும் இதே நுண்துகள்தான். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது புழுதிக்கு உதவும், புகைக்கு உதவாது. என்-95 மாஸ்க் உதவும், ஆனால் நாள் முழுக்க அடுப்பு முன்னால் அதைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னால் அவர் என்னைத் திட்டுவார். நியாயம்தான். காலையில் கடை பெருக்கும் நேரத்துக்கும் பனி மூடிய நேரத்துக்கும் போட்டால் போதும். மூக்கின் மேல் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாமல் இருக்க வேண்டும். அதற்கு முன், டாக்டர் நெஞ்சைப் பார்த்து ஒப்புதல் சொல்லட்டும்.

உங்கள் தம்பி விஷயம் வேறு, அதை இதோடு சேர்க்கக் கூடாது. கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, அதை உலர்வாக அறுத்தால் கிளம்புவது சிலிக்கா தூசி. வருடக்கணக்கில் அது நுரையீரலில் தழும்பு போட்டு இறுக்கிவிடும், சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்துவிட்டால் திரும்பாது, காசநோயும் சுலபமாகப் பிடிக்கும். வெல்லம் இரைப்பைக்குப் போகிறது, தூசி நுரையீரலில் இருக்கிறது. இரண்டுக்கும் வழி வேறு. வேலை முடிந்து தொண்டை வறண்டிருக்கும்போது ஒரு துண்டு வெல்லம் இதமாக இருக்கும், அதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. வெல்லம் சாப்பிட்டோமே என்ற தைரியத்தில் மாஸ்க்கைக் கழற்றுகிறார்களே, கோபம் அங்கேதான் வருகிறது. பிளேடில் தண்ணீர் ஓடாமல் மெஷினை ஓட்டக் கூடாது என்று பட்டறையில் கறாராக இருக்கச் சொல்லுங்கள். பட்டறைத் துணியோடு வீட்டுக்கு வந்து பிள்ளைகளைத் தூக்கக் கூடாது. வருடம் ஒருமுறை மார்பு எக்ஸ்ரேயும், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி டெஸ்ட்டும் எடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை, அது அரசு மருத்துவமனையில் இலவசம்.

கடைசியாக, ஊத்தங்கரைக்குப் போய்விடலாமா என்ற கேள்வி. ஓடுகிற கடையை மூடிவிட்டுப் போகச் சொல்ல மாட்டேன். கையில் வருமானம் இல்லாமல் கிராமத்தில் உட்கார்ந்து, அங்கேயும் விறகடுப்புப் புகையில் இருந்தால் லாபம் ஒன்றும் இல்லை. பெரிய ரோட்டின் வாகனப் புகை, ரோட்டிலிருந்து விலக விலகச் சட்டென்று குறையும். 200, 300 மீட்டர் உள்ளே போனாலே ஊரின் பொதுவான அளவுக்கு இறங்கிவிடும். கடை அங்கேயே இருக்கட்டும். வாடகை கட்டுப்படியானால், படுத்து எழுவதற்கு மட்டும் இரண்டு மூன்று தெரு தள்ளி, குப்பை கொளுத்தாத தெருவாகப் பார்த்து ஒரு வீடு தேடுங்கள். இப்போதைக்கு முடியாதென்றால் பையன் பள்ளிக்குப் போகும் வழியையாவது மாற்றுங்கள். சர்வீஸ் ரோட்டு ஓரமாக நடப்பதை விட்டு, உள்தெரு வழியாக நாலு நிமிடம் கூடச் சுற்றினாலும் பரவாயில்லை. வீடு பார்ப்பதெல்லாம் இ.சி.ஜி. எடுத்த பிறகு.